பொருந்தும் பாகம்

பண்டத்தரிப்பிலிருந்து சில்லாலைக்குச் செல்லும் வீதியோரமாக, கிடுகு வேய்ந்த கொட்டில் ஒன்றினுள் 1953ஆம் ஆண்டில் உருவான ஒஸ்ரின் ஏ-40 'சமர்செற்' கார் ஒன்று நிற்கின்றது. அதன் உரிமையாளர் எண்பது வயதைத் தொட்டவர். காரின் அருகே, சுவரோரமாகப் பனையோலைப் பெட்டி ஒன்று இருக்கின்றது. தேய்ந்த புஷ்களும் வெடித்த இறப்பர் வளையங்களும் புரி மழுங்கிய திருகாணிகளும் அதனுள் கிடக்கின்றன. யாவும் அக்காரிலிருந்து வெவ்வேறு காலங்களிற் கழற்றப்பட்டவை. தாம் பூட்டும் உலோகப் பாகம் ஒவ்வொன்றின் விளிம்பிலும் அவ்வாண்டின் கடைசி இரண்டு இலக்கங்களைக் கூருளியாற் புள்ளி புள்ளியாகக் குத்திவைப்பது அவரது வழக்கம். எந்தப் பாகம் எத்தனை ஆண்டு உழைத்தது என்பதை அறிய அவருக்கு வேறொரு கணக்குப் புத்தகம் வேண்டியிருக்கவில்லை.

யாழ்ப்பாணத்துச் சந்திகளில் வாடகைக்கு நின்ற கார்களுள் ஏ-40, மொறிஸ் மைனர், ஒஸ்ரின் கேம்பிறிட்ஜ் போன்ற பிரித்தானியக் கார்கள் நெடுங்காலம் முதலிடம் பெற்றிருந்தன. பெண்ணையும் மாப்பிள்ளையையும் ஏற்றியதும், பிரசவ வலி கண்ட தாயை நள்ளிரவில் மானிப்பாய் வைத்தியசாலைக்குக் கொண்டுசென்றதும், அஸ்தியுடன் கீரிமலைக்குப் போனதும் இக்கார்களே. பெரியவர் தமது காரை 1968ஆம் ஆண்டிற் பழையதாகவே வாங்கினார். அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டினால் 1960களிலும், அதனினும் இறுக்கமாக 1970க்கும் 1977க்கும் இடையிலும், இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டிருந்தமையாற் புதுக் கார் வாங்குதல் சாதாரண மனிதனின் நினைவுக்கும் எட்டாததாயிற்று. இருப்பதைத் திருத்தி ஓட்டுதல் ஒன்றே வழி. அப்பழக்கம் பின்னர் வந்த கொடிய காலத்துக்கு ஒரு பயிற்சியாக அமையுமென்று அன்று எவரும் எண்ணியிருக்க மாட்டார்கள்.

பழைய காருக்குப் பாகம் தேடுவோன் முதலில் மயங்குவது பெயரிலேயே ஆகும். ஒஸ்ரின் நிறுவனத்தார் 'ஏ-40' என்ற பெயரை ஒரு காருக்கு மட்டும் சூட்டி நிறுத்தவில்லை. 1947இல் வந்த 'டெவன்', 1952இல் அதனைத் தொடர்ந்த 'சமர்செற்', 1954இல் வந்த 'கேம்பிறிட்ஜ்', 1958இல் வந்த 'பரீனா' ஆகிய நான்கும் ஏ-40 என்றே வழங்கின. டெவனின் முன்சில்லுகளுக்கு நீரியல் பிறேக்கும் பின்சில்லுகளுக்குக் கம்பியால் இயங்கும் பிறேக்கும் இருந்தன. சமர்செற்றிலோ நான்கு சில்லுகளுக்கும் நீரியல் பிறேக்கே. சமர்செற்றின் எஞ்சினும் ஏ-40 கேம்பிறிட்ஜின் எஞ்சினும் 1200 கன சென்ரிமீற்றர்க் கொள்ளளவு உடையன. எனினும் பின்னையது வேறொரு குடும்பத்தைச் சேர்ந்தது. பரீனாவின் எஞ்சினோ மொறிஸ் மைனரின் இனம். ஆதலால் "ஏ-40க்கு ஒரு பாகம் வேண்டும்" என்று கேட்பவன் பாதி மட்டுமே கேட்டவனாகின்றான்.

பிற்காலத்து ஏ-55 கேம்பிறிட்ஜ் வைத்திருந்தோருக்கு ஓர் ஆறுதல் இருந்தது. 1489 கன சென்ரிமீற்றர்க் கொள்ளளவுடைய அதன் எஞ்சினின் இனமே இந்தியாவின் அம்பாசடர் காரிலும் பூட்டப்பட்டது. மேற்கு வங்கத்து உத்தர்பாராவில் அம்பாசடரின் உற்பத்தி 2014 வரை நடந்தமையால், அவ்வெஞ்சினின் உதிரிப்பாகங்கள் பாக்கு நீரிணைக்கு அப்பாலே உயிருடன் இருந்தன. சமர்செற்றுக்கு அத்தகைய உறவினர் அயலில் இல்லை. அதன் உற்பத்தி 1954ஆம் ஆண்டுடன் முடிந்துபோயிற்று.

அளவு மயக்கம் பெயர் மயக்கத்தினும் பொல்லாதது. அங்குலத்தின் 16இல் 5 பங்கு குறுக்களவுள்ள பிரித்தானியத் திருகாணி 7.94 மில்லிமீற்றர், யப்பானியத் திருகாணி 8 மில்லிமீற்றர். கண்ணுக்கும் கைவிரலுக்கும் இரண்டும் ஒன்றே. ஆனால் அங்குல அளவிலேயே, ஓர் அங்குல நீளத்துக்கு 18 புரி உடையதும் 22 புரி உடையதும் 24 புரி உடையதும் என மூவகை உள. யப்பானியத் திருகாணியோ ஏறத்தாழ 20 புரி கொண்டது. பொருந்தாத ஒன்று முதலிரண்டு சுற்று இலகுவாக ஏறும், பின்னர் இறுகும். இறுகும்போது 'சரியாக இருக்கின்றது' என்று மகிழ்ந்து மேலும் முறுக்குபவன் எஞ்சினின் உடலிலுள்ள புரியை அழித்துவிடுகின்றான். திருகாணி போனால் வேறொன்று தேடலாம். உடலின் புரி போனால் எங்கே தேடுவது?

1990ஆம் ஆண்டு யூன் மாதத்தில் மீண்டும் போர் மூண்டபின் வடபகுதிக்குச் செல்லும் பாதையும் பொருள்களும் தடைப்பட்டன. பெற்றோல், பற்றறி, வாகன உதிரிப்பாகங்கள் என்பன தடைசெய்யப்பட்ட பொருள்களுள் அடங்கின. கார்கள் மண்ணெண்ணெயில் ஓடத் தொடங்கின. இவ்வித்தையை வேறெவரும் வந்து கற்பிக்க வேண்டியிருக்கவில்லை. பெற்றோலிற் தொடக்கி மண்ணெண்ணெயில் ஓடவிடும் நீரிறைக்கும் இயந்திரங்கள் குடாநாட்டுத் தோட்டங்களில் முன்னரே இருந்தன. சிறு போத்தலிற் சேமித்த பெற்றோலிற் சில துளிகளைக் காபரேற்றருள் விட்டு எஞ்சினை இயக்குவர். சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவர். 7.2க்கு 1 என்ற குறைந்த அமுக்க விகிதம் கொண்ட ஏ-40 போன்ற பழைய எஞ்சின்கள் இதனைப் பொறுத்துக்கொண்டன. புதிய எஞ்சின்களோ உயர்ந்த அமுக்கம் காரணமாகத் தட்டிச் சத்தமிட்டன. பழைமை ஒருகாலத்தில் இவ்வாறும் பயன் தந்தது.

ஆயினும் அதற்கொரு விலை உண்டு. எரியாது எஞ்சிய மண்ணெண்ணெய் சிலின்டர்ச் சுவரிலுள்ள எண்ணெய்ப் படலத்தைக் கழுவிக்கொண்டு கீழிறங்கி எஞ்சின் எண்ணெயுடன் கலக்கும். எண்ணெய் நீர்த்துப்போக, வளையங்களும் தாங்கிகளும் தேயும். ஆகவே பாகங்கள் கிடைக்காத காலமே பாகங்கள் விரைவில் தேய்ந்த காலமுமாயிற்று. இந்நெருக்கடியிற் கைகொடுத்தவை, தோட்டத்து இயந்திரங்களைத் திருத்திப் பழகிய கடைசற் பட்டறைகளே. பழைய நீரிறைக்கும் இயந்திரமொன்றின் வெண்கலத் துண்டு, முன்சில்லின் கிங்பின் புஷ் ஆயிற்று. உடைந்த லொறியொன்றின் அச்சிரும்பு கடையப்பட்டு ஏ-40இன் தண்ணீர்ப் பம்பித் தண்டாயிற்று. அத்தண்டின் நுனியில் '92' என்று பெரியவர் குத்திவைத்தார்.

அக்காலத்தைப் பற்றிப் பேசும்போது தமது திறமையை மட்டும் சொல்லி முடிப்பவர் அல்லர் அவர். 1993ஆம் ஆண்டிற் பிறேக் எண்ணெய் கிடைக்கவில்லை. அதற்கென உள்ள எண்ணெய்க்குப் பதிலாக மெல்லிய இயந்திர எண்ணெயை அவரே தமது கையால் ஊற்றினார். இயற்கை இறப்பர் கனிய எண்ணெயில் ஊறினால் வீங்கும். பிறேக் முதலில் விட மறுத்தது. சில வாரங்களில் இறப்பர் நைந்துபோகப் பிடிக்க மறுத்தது. சண்டிலிப்பாயில் ஒரு வளைவிற் கார் மதிலுடன் மோதியது. முன்னிருக்கையில் இருந்த ஆசிரியை ஒருவரின் நெற்றியில் ஏழு தையல் இடவேண்டியதாயிற்று. பிறேக் எண்ணெய் தொடக்க காலத்தில் ஆமணக்கெண்ணெயுடன் மதுசாரம் சேர்த்தே ஆக்கப்பட்டது என்பதையும், ஆமணக்கெண்ணெய் இயற்கை இறப்பரைக் கெடுக்காது என்பதையும் முதியதொரு திருத்துநர் அதன்பின்னரே அவருக்குச் சொன்னார். பண்டத்தரிப்பில் எந்த வீட்டிலும் கேட்டிருந்தால் ஆமணக்கெண்ணெய் கிடைத்திருக்கும். "வீட்டிலை இருந்ததை விட்டிட்டு வேறையொண்டை ஊத்தினன்" என்று அவர் இன்றும் சொல்வார்; சொல்லிவிட்டுச் சற்றுநேரம் பேசாதிருப்பார்.

1995ஆம் ஆண்டு ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமம் முழுவதும் தென்மராட்சியை நோக்கி எழுந்து நடந்தது. ஏ-40இல் அவருடைய தாயாரும், நடக்கமாட்டாத அயலவர் மூவரும், இரு குழந்தைகளும் இருந்தனர். மழை பெய்தது. நாவற்குழிப் பாலத்தை நோக்கிய பாதையில் மனிதர் தோளுரசி நகர்ந்தனர். கார் அவர்களின் நடை வேகத்திலும் குறைவாகவே நகர்ந்தது. காற்றோட்டமின்றி மண்ணெண்ணெயில் மணிக்கணக்காக இயங்கும் எஞ்சினைக் குளிரவைப்பது தண்ணீர்ப் பம்பி ஒன்றே. அது நின்றால் எஞ்சின் இறுகும். கார் நின்றால் அதனுள் இருந்தோருக்கும் வேறு வழியில்லை. லொறி அச்சிற் கடைந்த தண்டு விடியும்வரை சுழன்றது. 1996ஆம் ஆண்டு ஏப்பிரலின் பின் மக்கள் வலிகாமத்துக்குத் திரும்பியபோது அக்காரும் திரும்பியது. தாயார் திரும்பவில்லை, சாவகச்சேரியிலேயே அவருடைய காலம் முடிந்திருந்தது.

2024ஆம் ஆண்டிற் பெரியவரின் தங்கை மகன் இலண்டனிலிருந்து வந்தான். அங்கு பழைய கார்களைப் பேணுவோர் சங்கங்கள் அமைத்துள்ளனர். சேமிப்பிற் கிடக்கும் பாகங்களும் புதிதாக வார்க்கப்பட்ட பாகங்களும் அவர்களிடம் உண்டு. லோங்பிறிட்ஜ் தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த நாளில் இருந்தவாறே காரை ஆக்கவேண்டும் என்பது அவனது ஆசை. சட்டக இலக்கத்தைக் கொண்டு தேடி, பிறேக் இறப்பர்களும் தண்ணீர்ப் பம்பியும் கிங்பின்களும் வாங்கி வந்திருந்தான். காரை இரண்டு நாள் ஆராய்ந்தபின், "மாமா, இதிலை பாதி ஒரிஜினல் இல்லையே" என்றான். அச்சொல்லிற் குற்றஞ்சாட்டும் நோக்கம் இருந்ததாகக் கொள்ளமுடியாது. பெரியவர் அதனை அவ்வாறே கேட்டுக்கொண்டார் என்றும் சொல்லமுடியாது.

அவன் சொன்னதை வரலாற்றுடன் வைத்து நோக்கினால் ஒரு விந்தை புலப்படும். 1952ஆம் ஆண்டின் இறுதியில் யப்பானின் நிசான் நிறுவனம் ஒஸ்ரினுடன் ஓர் உடன்படிக்கை செய்தது. பிரித்தானியாவிலிருந்து வந்த பாகங்களைக் கொண்டு யப்பானில் முதலிற் பொருத்தப்பட்ட கார் இதே சமர்செற்றே. பின்னர் ஏ-50 கேம்பிறிட்ஜ் அதன் இடத்தைப் பெற்றது. சில ஆண்டுகளுள் ஒவ்வொரு பாகத்தையும் உள்நாட்டிலேயே ஆக்குதல் வேண்டும் என்பது திட்டம், அது நிறைவேறியது. 1959இல் உடன்படிக்கை முடிந்தபோது யப்பானியர் கார் செய்யும் தொழிலைக் கற்றிருந்தனர். ஒரு நாடு அரசின் ஆதரவுடன் பாகங்களை ஒன்றொன்றாக மாற்றும்போது அது கைத்தொழில் வளர்ச்சி எனப்படுகின்றது. ஒரு கடைசற் பட்டறை விளக்கொளியில் அதனையே செய்யும்போது 'ஒரிஜினல் இல்லை' என்ற பெயர் வந்துசேர்கின்றது. இன்னொரு விந்தையும் உண்டு. இங்கிலாந்தின் பாத் நகரில் மொறிஸ் மைனர் கார்களைப் புதுப்பித்துவந்த சார்ள்ஸ் வெயார் என்பவர், 1990களில் அக்கார்களுக்கான பாகங்களை இலங்கையிலேயே செய்வித்துப் பெற்றார். ஆங்கிலேயரின் காருக்கு இத்தீவிலிருந்து பாகம் சென்ற அதே பத்தாண்டில், பண்டத்தரிப்புக்கு ஒரு திருகாணிதானும் முறையாக வந்துசேரவில்லை.

இவ்வளவும் பெரியவருக்கு வாதத்துக்கு உதவியிருக்கும். அவர் வாதாடவில்லை. பிறேக் இறப்பர்களை முதலிற் கையில் எடுத்து, அளவு பார்த்து, "இதுகளை உடனை போடு. பிறேக்கிலை என்ரை வீம்பு வேண்டாம்" என்றார். வெண்கலப் புஷ்களைச் சில்லை அசைத்துக் காட்டி, ஆட்டம் இல்லாமையால் அவை இருக்கட்டும் என்றார். மருமகனும் மூன்று முறை அசைத்துப் பார்த்து ஒத்துக்கொண்டான். எஞ்சியது தண்ணீர்ப் பம்பி. அது அண்மைக்காலமாகக் கசிந்துகொண்டிருந்தது. ஒரு தொழிலாளியின் கண்ணுக்கு அதில் ஐயமில்லை. அவரே அதனைக் கழற்றினார்.

கழற்றிய தண்டை மண்ணெண்ணெயிற் கழுவித் துடைத்தபோது '92' என்ற புள்ளிகள் தெளிவாகத் தெரிந்தன. "இது எங்கை செய்தது?" என்று மருமகன் கேட்டான். பெரியவர் லொறி அச்சைப் பற்றிச் சொன்னார். நாவற்குழிப் பாதையைப் பற்றிச் சொன்னார். அந்த இரவிற் பின்னிருக்கையில் இருந்த இரு குழந்தைகளுள் ஒன்று அவன்தான் என்பதையும் சொன்னார். அவனுக்கு அப்போது மூன்று வயது. மழையை மட்டும் நினைவிருப்பதாக அவன் கூறினான். தண்டு பனையோலைப் பெட்டிக்குள் மற்றவற்றுடன் சென்று சேர்ந்தது.

புதுப் பம்பி பெட்டியிலிருந்து எடுக்கப்பட்டது. அதன் வார்ப்பு பழுதின்றிப் பளபளத்தது. பெரியவர் கூருளியையும் சிறு சுத்தியலையும் கையிலெடுத்தபோது மருமகன் திடுக்கிட்டான். இலண்டனிலிருந்து வந்த சுத்தமான பாகத்திற் தழும்பு விழப்போகின்றது. அவன் தடுப்பதற்காகக் கையை நீட்டினான். பின்னர் அதே கையாற் பம்பியை அசையாதவாறு பிடித்துக்கொண்டான். பெரியவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, விளிம்பில் '24' என்று குத்தினார்.