கைக்கு ஏற்ற வில்

போன வாரம் பேத்தி வில்லோடு நிற்கும் படத்தைப் போட்டாலும் போட்டேன், "டீச்சர், இது எப்போ ஆரம்பிச்சது? எங்க பிள்ளைக்கும் ஒண்ணு வாங்கணும், என்ன வில் வாங்கலாம்?" என்று ஒரே கேள்வி. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகத் தட்டச்சு செய்ய என் கண் ஒத்துழைக்காது. அதனால் எல்லோருக்கும் சேர்த்து இங்கேயே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம். காபி போட்டுக்கொண்டு வந்து உட்காருங்கள்.

மகள் வயிற்றுப் பேத்தி அவள். பதினைந்து வயது. உயரம் 5 அடி 9 அங்குலம். "இவ்வளவு உயரத்துக்கு மாப்பிள்ளை எங்கே தேடுறது" என்று கல்யாண வீடுகளில் கேட்பவர்கள் நம் சொந்தத்திலேயே உண்டு (படிக்கிறீர்கள் என்று தெரியும், அதனால்தான் சொல்கிறேன்). அந்தக் கேள்வியைக் கேட்டுக் கேட்டே பிள்ளை கூன் போட்டு நடக்கப் பழகிவிட்டாள். வில் பயிற்சியில் சேர்ந்த பிறகுதான் முதுகு நிமிர்ந்தது. அதனால் அந்த வில்லின் மேல் எனக்குத் தனிப் பிரியம்.

சேலத்தில் பள்ளி முடிந்து வாரத்தில் மூன்று நாள் பயிற்சி. ஆடிப்பெருக்கு விடுமுறைக்கு ஏற்காடு வந்தவள், வழக்கம்போல ஏரிப்பக்கம் ஓடவில்லை. வந்ததும் மூலையில் வில் பையைச் சாய்த்து வைத்துவிட்டு, "இனிமே போகலைங்க அம்மாயி" என்றாள். கையை வாங்கிப் பார்த்தேன். வலது கை மூன்று விரல்களிலும் ரத்தம் கட்டி, நடுவிரலில் தோல் உரிந்திருந்தது.

"என்ன கண்ணு இது?"

"நாண் நெரிக்குது. சார் முழுசா இழுன்னு சொல்றாரு, இழுத்தா அம்பு எங்கெங்கயோ போகுது. எனக்கு கவனம் பத்தலையாம்."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அவர் சொல்றது சரிதான் சாமி, நீ கொஞ்சம் கவனமாத்தான் செய்யணும்" என்றேன். முப்பத்தைந்து வருடம் வாத்தியார் வேலை பார்த்த வாய், வேறென்ன சொல்லும்?

மறுநாள் காலை பனி விலகியதும், பக்கத்துத் தோட்டத்தில் காபிக் கொட்டை காயப்போடும் சிமெண்டுக் களத்தில் அவளை எய்யச் சொன்னேன். அது காபி பறிக்கும் காலம் இல்லை, களம் காலியாகக் கிடந்தது. பின்னால் மண்மேடு, முன்னால் வைக்கோல் கட்டு. பக்கவாட்டில் நின்று பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது. அவள் முழுதாக இழுத்தால் அம்பின் முனை கைப்பிடிக்கு உள்ளேயே வந்துவிடுகிறது. அது தெரிந்து, கழுத்தை முன்னால் நீட்டி, முழங்கையை மடக்கி, அரைகுறையாக இழுத்து விடுகிறாள். மறுபடியும் அந்தப் பழைய கூன். எனக்கு வயிற்றைக் கலக்கியது. அம்பு சற்று உள்ளே நழுவி, விட்டிருந்தால் இடது கையிலேயே பாய்ந்திருக்கும்.

"இன்னிக்கு போதும், கீழ வை" என்றேன்.

பெங்களூரில் வேலை பார்க்கும் என் பழைய மாணவன் ஒருவன் சனி ஞாயிறுகளில் வில் பழகுகிறான் என்று தெரியும். போன் போட்டேன். அவன் கேட்ட முதல் கேள்வி: "டீச்சர், வில்லோட நீளம் எவ்வளவு?" வில்லின் உட்பக்கம் 62 என்று எழுதியிருந்தது. "பாப்பாவோட இழுப்பு நீளம் எவ்வளவு?" அது எனக்குத் தெரியவில்லை. அவன் சொல்லிக்கொடுக்க நான் எழுதிக்கொண்டேன். ஒரு காலத்தில் அவனுக்கு வகுத்தல் சொல்லிக்கொடுத்தவள் நான்!

இனி வில் வாங்குகிறவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

முதலில் கையை அளக்க வேண்டும். சுவரோடு நிற்க வைத்து இரண்டு கைகளையும் விரித்து, ஒரு நடுவிரல் நுனியிலிருந்து மறு நடுவிரல் நுனி வரை அளக்க வேண்டும். ரவிக்கைக்கு அளவெடுக்கும் டேப் போதும். பேத்திக்கு 72 அங்குலம் வந்தது. அதை 2.5 ஆல் வகுத்தால் 28.8. இதுதான் உத்தேசமான இழுப்பு நீளம். சரியான அளவு பயிற்சியாளர் எதிரில் இழுத்துப் பார்க்கும்போதுதான் தெரியும், ஆனால் தொடங்க இது போதும்.

அடுத்தது வில்லின் நீளம். ஒலிம்பிக்கில் எய்யும் ரிகர்வ் வில், அதாவது நுனிகள் வெளிப்பக்கம் வளைந்த வில், பல நீளங்களில் வரும். பொதுவாக இழுப்பு 26 அங்குலம் வரை உள்ளவர்களுக்கு 64 அல்லது 66, 26 முதல் 28 வரை 66 அல்லது 68, 28 முதல் 30 வரை 68 அல்லது 70, அதற்கு மேல் கை நீண்டவர்களுக்கு 70 அல்லது 72. பேத்தியின் கையில் இருந்ததோ 62. சின்னப் பிள்ளைகள் பழகுவது.

நீளம் குறைந்தால் என்ன கெட்டுவிடும்? பலகையில் இரண்டு ஆணி அடித்து நூல் கட்டி அவளுக்குக் காட்டினேன். ஆணிகள் தள்ளி இருக்கும்போது நூலின் நடுவைப் பிடித்து இழுத்தால் விரிந்த கோணம் வரும். ஆணிகளை நெருக்கமாக அடித்து அதே அளவு இழுத்தால் கோணம் குறுகிக் கூர்மையாகும். அந்தக் கூர்மைக்குள் மூன்று விரல்கள் மாட்டினால் நெரியத்தான் செய்யும். நெரிபட்ட விரல்கள் நாணை ஒரே மாதிரி விடாது, அம்பு இடமும் வலமுமாகப் போகும். இன்னொன்று, குட்டை வில்லை அதன் எல்லைக்கு மேல் இழுக்கும்போது கடைசி ஓரிரு அங்குலத்தில் திடீரென்று கனம் ஏறும். அந்த இடத்தில்தான் குறி பார்க்க வேண்டும், கை நடுங்கும். நீண்ட வில்லில் கனம் சீராக ஏறும். நாணும் முகத்தை ஒட்டி வரும், மூக்கு நுனியில் தொட்டு நிறுத்தக் கழுத்தை நீட்ட வேண்டியதில்லை.

அப்படியென்றால் எல்லோரும் நீளமான வில்லே வாங்கலாமா? கூடாது. கை குட்டையானவர்கள் நீண்ட வில்லை வைத்திருந்தால் அதை முழுதாக வளைக்கவே முடியாது, அம்பின் வேகம் குறையும்.

கனம் பற்றியும் ஒரு வார்த்தை. லிம்பில், அதாவது வில்லின் மேல் கீழ் கைகளில், பவுண்டு கணக்கு போட்டிருப்பார்கள். அது 28 அங்குலம் இழுக்கும்போது வரும் கனம். அதற்கு மேல் இழுக்கும் ஒவ்வொரு அங்குலத்துக்கும் ஏறக்குறைய 2 பவுண்டு கூடும். கை நீண்ட பிள்ளைக்கு 24 என்று எழுதியதை வாங்கினால் அவள் தாங்குவது அதைவிட அதிகம். ஆரம்பத்தில் குறைவாகவே வாங்குங்கள். அம்பும் இழுப்பைவிட நீளமாகவே இருக்க வேண்டும். இதில் சிக்கனம் வேண்டவே வேண்டாம்.

வளரும் பிள்ளைக்கு வருடா வருடம் வில் வாங்க முடியுமா என்று கேட்பீர்கள். கழற்றி மாட்டும் வில்லாக வாங்கினால் பயமில்லை. நடுவில் பிடிக்கும் பாகத்துக்கு ரைசர் என்று பெயர். 25 அங்குல ரைசரில் ஷார்ட் லிம்ப் மாட்டினால் 66, மீடியம் மாட்டினால் 68, லாங் மாட்டினால் 70. லிம்பை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். 72 வேண்டுமென்றால் 27 அங்குல ரைசரில் லாங் லிம்ப்.

திங்கட்கிழமை நானே சேலம் இறங்கினேன். இருபது கொண்டை ஊசி வளைவும் இந்தத் தலைசுற்றலுக்கு ஒத்துக்கொள்ளவில்லை, ஆனாலும் போனேன். பயிற்சியாளரிடம் சண்டை போடப் போகவில்லை. எழுதிய தாளை நீட்டினேன். அவர் தாளைப் பார்த்தார், பேத்தியின் கையைப் பார்த்தார், கொஞ்ச நேரம் பேசவில்லை. "முப்பது பிள்ளைங்க டீச்சர், இருக்கற வில்லைத்தான் வரிசையா கொடுக்கறோம். பொண்ணுங்கன்னா சின்னது போதும்னு நெனச்சுட்டேன்" என்றார். உள்ளே போய்ப் பெரியவர்கள் எய்யும் 68ஐயும் 70ஐயும் எடுத்துவந்து இரண்டிலும் பத்துப் பத்து அம்பு எய்யச் சொன்னார். 70இல் அவள் கழுத்து நேராக நின்றது. எனக்கு அது போதும். பழைய லிம்ப் ஒரு ஜோடியும் நீளமான அம்புகளும் அவரே ஏற்பாடு செய்தார். விரல் ஆற மூன்று வாரம் ஆனது.

நமக்கு அருகில் கொல்லிமலையில் ஆண்டுதோறும் ஆடிப்பெருக்கை ஒட்டி வல்வில் ஓரி விழா நடக்கிறது. ஓரே அம்பு யானை, புலி, மான், பன்றி, உடும்பு என்று ஐந்தைத் துளைத்ததை வன்பரணர் புறநானூற்றில் 152ஆம் பாட்டில் பாடியிருக்கிறார். வகுப்பில் எத்தனை முறை சொல்லியிருப்பேன்! ஓரியின் தோளைப் பற்றிப் பேசியிருக்கிறேன். அந்தத் தோளுக்கு ஏற்ற வில்லை ஒருவர் அளந்து செய்திருப்பாரே என்று ஒருநாளும் நினைத்ததில்லை. ராஜஸ்தானில் மூங்கில் வில்லோடு வளர்ந்த லிம்பா ராம் என்ற பழங்குடிப் பையன் 1988இல் சியோல் ஒலிம்பிக்கில் எய்தபோது வயது பதினாறு. திறமை அவனிடம் முன்பே இருந்தது. தகுந்த வில்லும் கையில் வந்ததால்தான் அது அங்கே வரை போனது.

இப்போது நான் சொல்ல வந்த விஷயம். ஏன் இந்தப் பதிவு என்றால், அன்று களத்தில் பேத்தி கூனி நின்றபோது எனக்கு வேறொரு பிள்ளை ஞாபகம் வந்தான். ஐந்தாம் வகுப்பில் என் கடைசிப் பெஞ்சில் இருந்தவன். மற்றவர்களைவிட ஒரு முழம் உயரம். முழங்கால் பெஞ்சுப் பலகையில் இடிக்கும். அதனால் கோணலாக உட்காருவான், கையெழுத்தும் கோணலாக வரும். "நேரா உட்காரத் தெரியாதா?" என்று எத்தனை முறை அடித்திருக்கிறேன். பெஞ்சைக் குனிந்து பார்க்க எனக்கு ஒரு நாள்கூடத் தோன்றவில்லை. பயிற்சிப் பள்ளியில் குழந்தை உளவியல் படித்துப் பட்டயம் வாங்கியவள் நான்.

அவன் இன்று இதே மலையில் ஜீப் ஓட்டுகிறான். என்னைப் பார்த்தால் வண்டியை நிறுத்தி இறங்கி, "வணக்கம் டீச்சர்" என்பான். போன மாதம் வீட்டு வாசலில் தலை இடிக்காமல் குனிந்து உள்ளே வந்து, பேத்தியின் வில்லைக் கையில் வாங்கிப் பார்த்தான். "என் கைக்கு எவ்வளவு டீச்சர் வரும்?" என்று சிரித்தான். டேப்பை எடுத்து அளந்தேன். 77 அங்குலம். வகுத்தால் 30.8. "உனக்கு 72 வேணும்டா" என்றேன். அதற்கு மேல் சொல்ல வேண்டியதைச் சொல்ல வாய் வரவில்லை. இங்கே எழுதிவிட்டேன். படிப்பாய் என்று தெரியும் அப்பா. என்னை மன்னித்துவிடு.

வில் வாங்கப் போகிறவர்கள் கடைக்குப் போகும் முன் பிள்ளையின் கையை அளந்துகொண்டு போங்கள். சந்தேகம் இருந்தால் கேளுங்கள், பெங்களூர்க்காரனைக் கேட்டுச் சொல்கிறேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்
ஏற்காடு