தழும்புக்கு மேலே ஒரு பூச்சு

பண்ருட்டியிலிருந்து நெய்வேலிக்குப் போகிற சாலையில் காடாம்புலியூர் வந்துவிட்டது என்பதை முந்திரிக் கடைகளே சொல்லிவிடும். ஊருக்குள் போனால் தொழிற்கூடங்களிலும் வீட்டுத் திண்ணைகளிலும் பெண்கள் கொட்டை உடைத்துக்கொண்டிருப்பார்கள். முந்திரி ஓட்டுக்குள் ஊறியிருக்கும் எண்ணெய் பொல்லாதது. அனகார்டிக் அமிலமும் கார்டாலும் கலந்த அந்த எண்ணெய் பட்ட இடத்தில் தோல் வெந்து, கறுத்து, பிறகு உரியும். விளக்கெண்ணெயும் சாம்பலும் தடவிக்கொண்டுதான் உட்காருகிறார்கள். அப்படியும் நகக்கண்ணில் கறை ஏறிவிடுகிறது. புண் ஆறிய இடம் சிலருக்குச் சுற்றுத் தோலைவிடக் கறுத்து நிற்கும், சிலருக்கு வெளுத்து நிற்கும்.

அந்தக் கையை யாரும் மறைப்பதில்லை. பக்கத்தில் உட்கார்ந்து உடைப்பவரின் கையும் அப்படித்தான் இருக்கிறது. உழைக்கிற கை என்று ஊர் அதை ஏற்றுக்கொண்டுவிட்டது.

அதே வீட்டுப் பெண்ணின் கன்னத்தில் காசளவு வெள்ளை விழட்டும், பேச்சு மாறிவிடும். “என்னடி இது, எப்பலேர்ந்து?” என்று ஆரம்பிக்கும் விசாரணை, ஜாதகம் கையில் எடுக்கிற வயதில் வீட்டையே உலுக்கிவிடும். தோலுக்கு நிறம் தரும் மெலனோசைட் செல்களை உடலின் நோய் எதிர்ப்புச் சக்தியே தாக்கி அழிப்பதால் வருவது வெண்புள்ளி. தொட்டால் ஒட்டாது. உலகில் சுமார் 200 பேரில் ஒருவருக்கு இருக்கலாம் என்பது ஒரு மதிப்பீடு. ‘வெண்குஷ்டம்’ என்று பழைய தலைமுறை அழைத்ததாலேயே, கிருமியால் வரும் தொழுநோயோடு இதை முடிச்சுப் போட்டுவிட்டார்கள். அந்த முடிச்சு இன்னும் முழுதாக அவிழவில்லை.

இந்த இடத்தில்தான் கேமஃப்ளாஜ் மேக்கப் என்ற மறைப்புப் பூச்சு உதவிக்கு வருகிறது. கல்யாண மேக்கப்பிலிருந்து இது வேறுபட்டது. சாதாரண ஃபவுண்டேஷனைவிட நிறமி மிக அடர்த்தியாக இருக்கும். தண்ணீருக்கும் வியர்வைக்கும் எளிதில் கரையாது. வெள்ளைக்கு டைட்டானியம் டை ஆக்சைடு. மஞ்சள், சிவப்பு, கறுப்புக்கு இரும்பு ஆக்சைடுகள். நம் ஊர்த் தோலின் பழுப்பு நிறம் முழுவதையும் இந்த நான்கின் விகிதத்தில் கொண்டுவந்துவிடலாம். கடினமான வேலை அந்த விகிதத்தைப் பிடிப்பதுதான்.

அதை ஜன்னலோரம், பகல் வெளிச்சத்தில் செய்ய வேண்டும். டியூப் லைட்டில் பொருந்திய நிறம் வாசலுக்கு வந்ததும் சாம்பல் பூத்ததுபோல் தெரியும். புறங்கையில் இரண்டு ஷேடுகளைச் சிறிது எடுத்துக் குழைத்து, உடல் சூட்டில் இளகியதும் விரல் நுனியால் ஒற்றி ஒற்றி வைக்கிறார்கள். தேய்த்தால் திட்டுத் திட்டாகிவிடும். ஓரங்களை வெளிப்பக்கமாகக் கரைத்துவிட்டு, மெல்லிய இரண்டாவது பூச்சு. அதன்மேல் பவுடரைத் தாராளமாகப் போட்டுச் சில நிமிடம் விட்டு, மிச்சத்தைப் பிரஷ்ஷால் தட்டிவிட்டால் பூச்சு இறுகிக்கொள்ளும். சிவந்த மச்சமாக இருந்தால் அடியில் கொஞ்சம் பச்சை; நீலம் பாய்ந்த கருமையாக இருந்தால் ஆரஞ்சு. நிறத்தை நிறத்தால் அணைக்கும் கணக்கு இது. கலைக்கும்போது தண்ணீர் போதாது, எண்ணெய் வேண்டும்.

இந்தக் கலையின் தாய் என்று நியூயார்க்கின் லிடியா ஓ லியரியைச் சொல்ல வேண்டும். பிறக்கும்போதே முகத்தில் பெரிய சிவப்பு மச்சம். படித்திருந்தும் வேலை தேடிப் போன இடங்களில் முகத்தைப் பார்த்தே திருப்பி அனுப்பினார்கள். தனக்காகத் தானே ஒரு பூச்சைத் தயாரித்து, ‘கவர்மார்க்’ என்ற பெயரில் விற்று, 1932-ல் அதற்குக் காப்புரிமையும் வாங்கினார். பிரிட்டனில் 1975-ல் செஞ்சிலுவைச் சங்கம், தோலில் குறை உள்ளவர்களுக்கு இந்தப் பூச்சைக் கற்றுக்கொடுக்கும் சேவையைத் தொடங்கியது. 2011-ல் ‘சேஞ்சிங் ஃபேசஸ்’ என்ற தொண்டு நிறுவனம் அதை ஏற்றுக்கொண்டது. தன்னார்வலர் பொருத்தமான நிறத்தைக் கண்டுபிடித்துக் கொடுத்து, போட்டுக்கொள்ளும் விதத்தையும் சொல்லித்தருவார். அதற்குப் பிறகு அவரவர் கண்ணாடி, அவரவர் விருப்பம்.

மேலே பூச்சாகப் படியாமல் தோலுக்கே நிறம் ஏற்றும் வழியும் ஒன்று உண்டு. 1950-களில் சின்சினாட்டி குழந்தைகள் மருத்துவமனையில் ஈவா விட்கன்ஸ்டைன் என்ற ஆய்வாளர், சில குழந்தைகளுக்கு டைஹைட்ராக்சி அசிட்டோன் என்ற சர்க்கரைப் பொருளை வாய்வழியாகக் கொடுத்துவந்தார். குழந்தைகள் துப்பியது பட்ட இடங்களில் தோல் பழுப்பாகியது. துணியில் கறை இல்லை. தன் தோலிலேயே தடவிப் பார்த்து உறுதி செய்துகொண்டார். தோலின் மேலடுக்கிலுள்ள அமினோ அமிலங்களோடு சேர்ந்து அது நிறம் மாறுகிறது. அந்த அடுக்கு உதிர்கிற வரைக்கும், சில நாட்களுக்கு நிறம் நிற்கும். அடிக்கடி தண்ணீரில் புழங்குகிற கைக்கு, மேலே படியும் பூச்சைவிட இது தோது.

எல்லா மறைப்பும் நல்லதில்லை. ஸ்டிக்கர் பொட்டின் பசையில் பாரா டெர்ஷியரி பியூட்டைல் ஃபீனால் என்ற ரசாயனம் இருந்தால், சிலருக்குப் பொட்டு வைக்கும் அதே வட்டத்தில் நெற்றி வெளுக்கும். தோல் மருத்துவர்கள் நன்றாக அறிந்த சங்கதி இது. வெளுத்த வட்டத்தை மறைக்க இன்னும் பெரிய பொட்டை ஒட்டினால், அதே பசை இன்னும் பெரிய வட்டத்தில் இறங்கும். பசையை நிறுத்துவதுதான் முதல் வைத்தியம். நேரமே ஆகாமல் கருகருவென்று பிடிக்கும் ‘பிளாக் மெஹந்தி’யும் அந்த ரகம்தான்; அதில் கலக்கும் பிபிடி என்ற தலைச்சாயப் பொருள் கையைக் கொப்பளிக்க வைத்துவிடும்.

கல்யாண விஷயத்துக்கு வருவோம். பெண் பார்க்க வருகிற அன்று கன்னத்தில் பூசி உட்காரவைத்துவிட்டு, தாலி ஏறிய பிறகு தெரியட்டும் என்று விடுகிற வீடுகள் உண்டு. அதைச் செய்யச் சொல்கிறவர்கள் பெரியவர்கள். பழி சுமப்பது அந்தப் பெண். இந்து திருமணச் சட்டத்தில் வெண்புள்ளி விவாகரத்துக்குக் காரணமாகச் சொல்லப்படவே இல்லை. தொழுநோயைக்கூட 2019-ல் அந்தப் பட்டியலிலிருந்து நாடாளுமன்றம் எடுத்துவிட்டது. முன்கூட்டியே சொல்லிவிடுவதில் இழப்பதற்கு உள்ளது ஒரு வரன். சொல்லாமல் விட்டால் ஆயுள் முழுவதும் பூச்சுக்குப் பின்னால் ஒளிந்து வாழ வேண்டும். சென்னையிலுள்ள வெண்புள்ளிகள் விழிப்புணர்வு இயக்கம், வெண்புள்ளி உள்ளவர்களுக்கும் அவர்களை மணக்க விரும்புகிறவர்களுக்கும் சுயம்வரக் கூட்டங்களை நடத்தியிருக்கிறது. அங்கே எதையும் மறைத்துப் பேச வேண்டியதில்லை. பிறகு முகூர்த்தத்தன்று மணப்பெண் பூசிக்கொண்டால் அது அவள் ஆசைக்கு; யாரும் ஏமாறவில்லை.

பாடகர் மைக்கேல் ஜாக்சன் 1993-ல் ஓப்ரா வின்ஃப்ரேயின் தொலைக்காட்சிப் பேட்டியில்தான் தன் தோல் நோயைப் பற்றிப் பேசினார். வெள்ளைக்காரனாக ஆசைப்படுகிறார் என்று அதுவரை உலகம் ஏசியது. அது வெண்புள்ளிதான் என்று பிரேதப் பரிசோதனை அறிக்கை சொன்ன பிறகுதான் பலர் நம்பினார்கள். அவர் இறந்த ஜூன் 25-ஐத்தான் உலக வெண்புள்ளி தினமாக 2011 முதல் கடைப்பிடிக்கிறார்கள்.

தீக்காயத் தழும்பு வேறு கதை. 2020 மே 7-ம் தேதியும் ஜூலை 1-ம் தேதியும் நெய்வேலி இரண்டாவது அனல்மின் நிலையத்தில் கொதிகலன் விபத்துகள் நடந்தன. பலர் இறந்தார்கள், பலர் காயமடைந்தார்கள். இப்படித் தீயில் வெந்த தோலுக்குப் பூச்சு நிறத்தைத் தரும். மேடு பள்ளத்தைச் சமமாக்காது. புண் நன்றாக ஆறித் தழும்பு முற்றும் வரை காத்திருக்கவும் வேண்டும். இரண்டாம் உலகப் போரில் முகம் வெந்த விமானிகளுக்குச் சிகிச்சையளித்த ஆர்ச்சிபால்டு மெக்கிண்டோ, இங்கிலாந்தின் ஈஸ்ட் கிரின்ஸ்டெட் ஊர்மக்களிடம், அந்த இளைஞர்கள் கடைவீதிக்கு வரும்போது மற்றவர்களைப் போலவே பாருங்கள், பேசுங்கள் என்று கேட்டுக்கொண்டார். ஊர் கேட்டது. முறைத்துப் பார்க்காத ஊர் என்ற பெயர் அதற்கு இன்றும் இருக்கிறது. முந்திரிக் கறையை அப்படிப் பார்க்கக் கற்றுக்கொண்ட ஊருக்கு, கன்னத்து வெள்ளையையும் அப்படிப் பார்ப்பது முடியாத காரியமா?

அதுவரை பூச்சு வேண்டும். அதைக் கற்றுக்கொடுக்கவும் ஆள் வேண்டும். வெண்புள்ளிக்கு மருந்தும் ஒளிச் சிகிச்சையும் மாதக்கணக்கில் ஆகிற வேலை. மருத்துவமனைத் தோல் பிரிவு வாசலில் சீட்டோடு நிற்கிறவருக்கு, மருந்துச் சீட்டோடு கூட ஒரு கண்ணாடியும் நாலு ஷேடுகளும் சொல்லித்தர ஒரு நர்ஸும் கிடைத்தால், அந்த மாதங்களை வீட்டுக்குள் அடைந்து கழிக்க வேண்டியிருக்காது. பள்ளிப் பிள்ளைகளுக்குச் செய்யும்போது மட்டும் அம்மாவிடம் கேட்பதற்கு முன் பிள்ளையிடம் கேட்க வேண்டும். ஆண்டுவிழாவுக்குப் போட்டுக்கொள்கிறேன், விளையாட்டு பீரியடுக்கு வேண்டாம் என்று ஒரு பிள்ளை சொன்னால், அப்படியே விட்டுவிட வேண்டும்.