இரண்டாம் வாசிப்பு

குரங்கணியில் இருக்கும் என் அத்தைக்குப் புற்றுநோய் இல்லை. இது தெரியவந்தபோது அவளுக்கு இடது மார்பு இருக்கவில்லை.

கட்டியிலிருந்து ஊசியால் உறிஞ்சிய செல்களைப் பார்த்து ஒரு தனியார் சோதனைக்கூடம் புற்று என்று எழுதிக்கொடுத்தது. அதை நம்பி ஓர் ஆஸ்பத்திரி அறுவை செய்தது. அகற்றிய சதையைப் பரிசோதித்தபோது காசநோய் என்று வந்தது. மார்பில் வரும் காசநோய் கைக்கும் கண்ணுக்கும் புற்றைப் போலவே இருக்கக்கூடும் என்று பிறகு படித்தேன். பார்க்க வந்தவர்களெல்லாம் சொன்னது ஒன்றுதான்: அந்த நோய் இல்லையே, சாமியைக் கும்பிட்டுக்கொள். நானும் முதலில் அதைத்தான் சொன்னேன்.

மலைக்கு அந்தப் பக்கம், கோட்டயம் அரசு மருத்துவக் கல்லூரியில், 2019-இல் இதற்கு நெருக்கமான ஒன்று நடந்தது. தங்கள் கூடத்தின் முடிவு வருமுன்பே, ஒரு தனியார் கூடத்தின் முடிவை வைத்து ஒரு பெண்ணுக்குக் கீமோதெரபி தொடங்கிவிட்டார்கள். கல்லூரியின் முடிவு பிறகு வந்தது: புற்று இல்லை.

ரசீதுகளோடு பழகியவன் என்பதால் சட்டத்தைப் புரட்டும் வேலை என்னிடம் வந்தது. 1995-இல், இந்திய மருத்துவச் சங்கம் எதிர் வி.பி. சாந்தா வழக்கில், கட்டணம் கொடுத்துப் பெறும் சிகிச்சை ஒரு சேவை, அதைப் பெறுபவர் நுகர்வோர் என்றது உச்சநீதிமன்றம். எல்லோருக்கும் இலவசமாகப் பார்க்கும் ஆஸ்பத்திரி இதற்குள் வராது. காசு கொடுத்ததால்தான் அத்தைக்கு அந்தப் பெயரே கிடைத்தது. 2019 சட்டப்படி அவள் வசிக்கும் தேனி மாவட்ட ஆணையத்திலேயே மனுப் போடலாம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் மனுக் கட்டணம் இல்லை. 2 வருஷத்துக்குள் போடவேண்டும். நோயாளி கேட்டால் மருத்துவ ஆவணங்களை 72 மணி நேரத்தில் தரவேண்டும் என்கிறது 2002-ஆம் வருஷத்து மருத்துவக் கவுன்சில் விதி.

சிக்கல் வேறிடத்தில். 2005-இல் ஜேக்கப் மேத்யூ வழக்கில் நீதிமன்றம் சொன்னது: கணிப்பில் நேர்ந்த பிழை மட்டுமே கவனக்குறைவுக்குச் சாட்சியமாகாது, சாதாரணத் தேர்ச்சியுள்ள ஒரு மருத்துவர் காட்டும் கவனத்தை இவர் காட்டினாரா என்பதே கேள்வி. ஆக, தப்பான வாசிப்பையும் அசிரத்தையான வாசிப்பையும் சட்டம் பிரித்துப் பார்க்கிறது.

நம் விமர்சனத்தில் இந்தப் பிரிவு கிடையாது. ஒரு கவிதைத் தொகுதியைப் பஸ்ஸில் புரட்டிவிட்டுச் செத்த எழுத்து என்று நான் மதிப்புரை எழுதியிருக்கிறேன். அந்தக் கவிஞர் அதற்குப் பிறகு எழுதவில்லை. தவறாக வாசித்தேனா என்பது இன்றும் எனக்குத் தெரியாது. சிரத்தையில்லாமல் வாசித்தேன் என்பது தெரியும். என்னை யாரும் எந்த ஆணையத்துக்கும் அழைக்கவில்லை.

மனுவை எழுதி எடுத்துக்கொண்டு குரங்கணி போனேன். அத்தை போடியில் ஓர் ஏலக்காய்க் கிட்டங்கியில் காய் பொறுக்கப் போகிறவள். கவனக்குறைவு என்றால் சட்டத்தில் என்ன அர்த்தம் என்று விளக்க முயன்றேன். பாதியில் நிறுத்தினாள்.

"நாங்க மட்டும் தப்பு விடாமலா பொறுக்குறோம், மருமகனே? ஆனா இதா அதான்னு தெரியாத காயத் தனியா ஒதுக்கிருவோம். வெளிச்சத்துல வச்சு இன்னொருத்தி பாப்பா. அவுக ஒதுக்கி வச்சாகளா? அத மட்டும் கேளு."

அன்றிரவு அவளுடைய மஞ்சப்பையிலிருந்த தாள்களை மறுபடி எடுத்து வாசித்தேன். சோதனைக்கூடத்தின் அறிக்கையில் சந்தேகத்தின் சாயல் கூட இல்லை. அறுவைக்கு முன் சதைத் துணுக்கு எடுத்து உறுதிசெய்து கொண்டதற்கான தாள் எதுவும் கட்டில் இல்லை. நான் பலமுறை புரட்டிய கட்டுதான். ரசீதுகளைக் கூட்டி, தேதிகளைக் குறித்து, நஷ்ட ஈட்டுத் தொகையைப் போட்டிருந்தேன். இல்லாத தாளை நான் பார்க்கவே இல்லை.

விடிந்ததும் மனுவின் முதல் பக்கத்தைத் திருப்பி எழுதினேன். தொகை கீழே போயிற்று. மேலே அவளுடைய கேள்வி: சந்தேகத்தை ஒதுக்கி வைத்தீர்களா, இரண்டாவதாக ஒருவர் பார்த்தாரா? அதன்கீழ் ஒரு கோரிக்கை: செல்கள் பூசிய அந்தக் கண்ணாடிச் சில்லைக் கொடுங்கள், வேறொருவர் வாசிக்கட்டும்.

அத்தை கையெழுத்துப் போட்டாள். கெடு முடிய இன்னும் 40 நாள் இருக்கிறது.