ஒரு போத்தல் உப்புநீர்

கல்லூரியின் விழா மலருக்குக் கட்டுரையொன்று தருக என மலர்க்குழுவினர் எம்மைக் கேட்டபோது, தமிழாசிரியர் ஆதலின் இலக்கியத்தைப் பற்றியோ சமயத்தைப் பற்றியோ எழுதுவோம் என்றே அவர்கள் எண்ணியிருத்தல் கூடும். அவற்றை எழுத எம்மினும் வல்லார் பலர் உளர். யாம் எழுதப் புகுந்தது சேலைன் போத்தலைப் பற்றி. பயிற்றப்பட்ட ஆசிரியர் என்னும் சான்றிதழன்றி எம்மிடம் வேறு தகுதி இல்லை. மருத்துவம் யாம் கற்றதன்று. ஆயினும் இவ்விடயத்தில் யாம் செய்த பிழையொன்று உண்டு. எம்மோடு ஒரே வாங்கிலிருந்து படித்தவர்கள் இம்மலரை வாசிப்பர். அவர்கள் அதனை அறிதல் வேண்டும்.

சில ஆண்டுகளின் முன், இல்ல மெய்வல்லுநர் போட்டிக்குப் பிள்ளைகளைப் பழக்கிக்கொண்டிருந்த ஒரு நண்பகலில், மைதானத்தின் நடுவே எமக்குக் கண் இருண்டது. உடனிருந்த ஆசிரியர்கள் எம்மைத் தனியார் மருந்தகம் ஒன்றுக்குக் கொண்டுசென்றனர். கையில் ஊசி ஏற்றி, கம்பியிலே போத்தலைத் தொங்கவிட்டு, துளி துளியாக இறங்க விட்டார்கள். ஒன்றரை மணி நேரத்தில் எழுந்தோம். போன உயிர் மீண்டது போலிருந்தது. அன்று தொட்டு விடைத்தாள் திருத்திக் களைத்தாலும், தமிழ்த்தின விழா முடிந்து சோர்ந்தாலும் அம்மருந்தகத்தை நாடுவோமாயினோம். எம்மூரில் இது புதுமையன்று. “உடம்புக்கு ஏலாமல் கிடக்கு, ஒரு சேலைன் ஏத்தினாற் சரி” என்று சொல்லாத வீடு அரிது.

அப்போத்தலில் இருப்பது யாது? ஒரு லீற்றர் தூயநீருக்கு 9 கிராம் உப்பு, அவ்வளவே. அரை லீற்றர்ப் போத்தலாயின் 4.5 கிராம், ஒரு தேக்கரண்டிக்கும் குறைவு. டெக்ஸ்ரோஸ் எனப்படும் சீனிப் போத்தலில், நூற்றுக்கு ஐந்து வீதமாயின், அரை லீற்றருக்கு 25 கிராம் இருக்கும். எங்கள் ஊர்த் தேநீர்க்கடையிலே இரண்டு கோப்பைத் தேநீருக்கு இடும் சீனி ஏறக்குறைய அவ்வளவு வரும். அது தரும் சத்து 100 கலோரிக்கும் குறைவு. இதனை நேர்நின்று விளக்கியவர் எம்மிடம் தமிழ் படித்து இன்று வைத்தியராய் விளங்கும் ஒருவர். அவரைப் பற்றிப் பின்னர்க் கூறுவோம்.

சேலைனை யாம் இகழ்கின்றோமல்லோம். 1832இல் வாந்திபேதி பரவியிருந்த காலத்தே, ஸ்கொத்லாந்தின் லீத் துறைமுகத்தைச் சேர்ந்த தோமஸ் லற்றா என்னும் வைத்தியர் இறக்குந் தறுவாயிலிருந்த முதியவள் ஒருத்தியின் நாளத்திலே உப்புநீரைச் செலுத்தினார். அரைமணி நேரத்தில் ஆறு பைந்து நீர் ஏறியது. குழிவிழுந்த கண் ஒளிர்ந்தது; குளிர்ந்த உடல் சூடேறியது. இனி அச்சமில்லை எனக் கருதி, தாமும் களைத்திருந்தமையால், அவளை வேறொருவர் பொறுப்பில் விட்டு வைத்தியர் அகன்றார். வாந்தியும் பேதியும் மீண்டும் தொடங்கின. ஐந்தரை மணி நேரத்தில் அவள் இறந்தாள். நீர் தன் பணியைச் செய்தது. நோயோ தன் பணியை நிறுத்தவில்லை. இவ்வரலாற்றை யாம் வாசித்தது மிகப் பிந்தியே.

வாயால் அருந்தக் கூடியவனுக்கு ஊசி வேண்டுவதில்லை என்பதும் பிற்காலத்தே தெளிவாயிற்று. 1971இல் வங்க அகதிகள் நிறைந்த பொங்காவ் முகாமிலே, சேலைன் தீர்ந்துபோன நிலையில், திலீப் மகலனாபிஸ் என்னும் வைத்தியர் உப்பும் குளுக்கோசும் கலந்த நீரைக் குடிக்கக் கொடுத்து எண்ணற்றோரைக் காத்தார். எமக்கு இது நூலறிவு மட்டுமன்று. 1995ஆம் ஆண்டு இடப்பெயர்வின்போது தென்மராட்சியில் ஒரு பள்ளிக்கூட விறாந்தையிலே தங்கியிருந்தோம். தம்பிக்கு வயிற்றோட்டம் கண்டது. ஜீவனிப் பைக்கற் அகப்படவில்லை. கொதித்தாறிய ஒரு லீற்றர் நீரில் ஆறு தேக்கரண்டிச் சீனியும் அரைத் தேக்கரண்டி உப்பும் வழித்தளந்து கலந்து, இரவு முழுவதும் அம்மா கரண்டி கரண்டியாகப் பருக்கினார். தம்பி பிழைத்தான். இதனைக் கண்ணாற் கண்ட யாமே பின்னாளிற் போத்தலை நம்பினோம்.

இனி எம் நண்பரைப் பற்றி. பெயர் வேண்டா, எம் வகுப்பினர் அறிவர். ஆறாம் வகுப்பு முதல் எம்மோடு இருந்தவர். 1998ஆம் ஆண்டு இல்ல அஞ்சலோட்டத்திலே கடைசிக் கோலை ஏந்தி ஓடியவர். வியாபாரத்திலே இறங்கிச் சிறிது பொருளும் ஈட்டினார். குடியும் உடன் வந்தது. விடியற்காலையிலே எமது தொலைபேசி ஒலிக்கும். “மச்சான், தலை வெடிக்குது. கடை திறக்கவேணும். ஒருக்கால் கூட்டிக்கொண்டு போ.” மோட்டார் சைக்கிளிலே ஏற்றிச் செல்வோம். அவருக்குப் போத்தல் இறங்கும். அருகிலிருந்து யாம் கொப்பி திருத்துவோம். திருக்குறளிலே கள்ளுண்ணாமை 93ஆம் அதிகாரம், மருந்து 95ஆம் அதிகாரம். இரண்டுக்கும் இடையில் இருப்பது சூது. இவற்றை ஆண்டுதோறும் படிப்பிக்கும் யாம், நண்பனுக்கு உதவுகின்றோம் என்னும் பெருமிதத்தோடு அங்கு அமர்ந்திருந்தோம்.

அவருடைய தாயார் வேறு வழிகளை நாடினார். தேசிக்காய்த் தண்ணீர், மோர், இளநீர், வேர்க்கொம்புக் கோப்பி, சின்ன வெங்காயமும் பச்சை மிளகாயும் கடித்துக்கொண்டு குடிக்கும் பழங்கஞ்சி என நாளுக்கொன்றாக வைத்துப் பார்த்தார். வெறி முறிக்கும் மருந்தென்று இவற்றையும் சொல்லிவிட முடியாது. மதுவானது உடலிலே நீரைத் தேக்கும் சுரப்பை அடக்கிச் சிறுநீரைப் பெருக்கும். நாவறட்சி அதனால் வருவது. நீரோ மோரோ அதனைத் தீர்க்கும். ஆனால் ஈரல் மதுவை உடைக்கும்போது உண்டாகும் நஞ்சையும், புண்பட்ட வயிற்றையும், கெட்ட உறக்கத்தையும் எந்தக் கஞ்சியும் எந்தப் போத்தலும் விரைந்து மாற்றா. இதற்கெனச் சொல்லப்படும் பரிகாரங்களை ஆராய்ந்த கட்டுரையொன்று 2005இல் பிரித்தானிய மருத்துவ சஞ்சிகையில் வெளிவந்தது. நம்பத்தக்க சான்றுடையது ஒன்றுமில்லை என்பதே அதன் முடிவு. எனினும் தாயாரின் கஞ்சியில் ஒன்றிருந்தது. அது உணவு. குடிப்பவன் உண்பதில்லை, அவர் உண்ணச் செய்தார்.

ஒருநாள் அவ்வம்மையார் படலையடியிலே எம்மை மறித்தார். “தம்பி, நீ கூட்டிக்கொண்டு போய் எழுப்பி விடுறாய். அவன் பின்னேரம் திரும்பவும் போறான். படுத்துக் கிடந்தாலாவது பயம் வரும்” என்றார். யாம் மறுமொழி கூறவில்லை. முதுமையின் புலம்பல் எனக் கருதினோம். அதன் பின்னரும் பலமுறை கூட்டிச் சென்றோம்.

ஒரு காலையில் அவர் நடை தள்ளாடியது. குடித்து ஒரு பகல் கழிந்த பின்பும் தள்ளாடியது. கண்மணிகள் ஓரிடத்தில் நில்லாது அசைந்தன. அஞ்சி அரசினர் வைத்தியசாலைக்குக் கொண்டுசென்றோம். அங்கே பணியிலிருந்தவரே யாம் முற்கூறிய மாணவர். “சேர், இவர் எவ்வளவு காலமாய்க் குடிக்கிறார்? ஒழுங்காய்ச் சாப்பிடுகிறவரா? இதற்கு முன் என்ன ஏற்றினார்கள்?” என்று கேட்டார். முதலிரண்டுக்கும் விடை கூறினோம். மூன்றாவதற்கு நா எழவில்லை. நெடுங்காலம் குடித்து உணவு குன்றியவர் உடலிலே தயமின் என்னும் பீ1 உயிர்ச்சத்து அற்றுப்போகும்; அந்நிலையில் அதனைக் கொடாது சீனிப் போத்தலை ஏற்றின் இருக்கும் சிறிதும் செலவாகி மூளை ஊறுபடக் கூடும்; ஆகவே தயமினைத் தாமதமின்றிக் கொடுத்தல் வேண்டும் என்று அவர் விளக்கினார். யாம் ஏற்றுவித்த போத்தல்களில் எத்தனை உப்பு, எத்தனை சீனி என்பதை யாம் ஒருபோதும் பார்த்ததில்லை.

அவ்வேளையிலே எம் முகத்தை நோக்கிய அம்மாணவர், “சேர், உங்களுக்கும் ஒருக்கால் சீனி பார்ப்போம்” என்றார். மைதானத்தில் எம்மை வீழ்த்தியது வெயில் மட்டுமன்று, சலரோகம் என்பது அன்றுதான் தெரியவந்தது. அதனை மறைத்துவைத்தது எமது போத்தல்.

நண்பர் எழுந்து நடமாடுகின்றார். குடியை விட்டு இரண்டாண்டு கடந்தது. பழையவற்றிலே பல நினைவில் உள்ளன. அன்றன்று நிகழ்வது மட்டும் மனத்திலே தங்குவதில்லை. சென்ற வாரம் சென்றிருந்தோம். தாயார் புழுங்கலரிசிக் கஞ்சி கொண்டுவந்து வைத்தார். நண்பர் 1998ஆம் ஆண்டு அஞ்சலோட்டத்தைச் சொன்னார். கோல் கைமாறும்போது நழுவப் பார்த்ததையும், எட்டிப் பிடித்ததையும், இரண்டாமிடம் வந்ததையும் ஒன்றும் விடாமற் சொன்னார். கஞ்சி ஆறுமுன் அதே கதையை முதலிலிருந்து தொடங்கினார்.

விழா நாளன்று அவரை அழைத்துவர இருக்கின்றோம். எம் வகுப்பினர் அனைவரும் முன்வரிசையின் இடப்புறத்தில் வந்து கூடுக. அவர் உங்கள் பெயரைக் கேட்பார்; சொல்லுங்கள். சற்று நேரத்தின் பின் மீண்டும் கேட்பார், மீண்டும் சொல்லுங்கள். எங்கள் மேசைக்குத் தேநீரும் மோரும் போதும்.