கேட்டதற்கு நன்றி

பெங்களூரு ஹோசூர் சாலையில் முதியோர் இல்லம் நடத்திவரும் ‘ஏழைகளின் சிறிய சகோதரிகள்’ சபையினருக்கு ஒரு திறந்த மடல்

அன்பார்ந்த சகோதரிகளே,



1898-இல் பெங்களூரைப் பிளேக் உலுக்கியது. அது நடந்து இரண்டே ஆண்டுகளில், 1900-இல், உங்கள் சபை இந்த ஊருக்கு வந்தது. அன்று முதல் இன்றுவரை, போக்கிடம் இல்லாத வயதானவர்களுக்கு உங்கள் கதவு திறந்திருக்கிறது. சாதி, மதம், மொழி எதையும் கேட்டு நீங்கள் ஆளைச் சேர்ப்பதில்லை. வயதும் வறுமையுமே உங்கள் வாசலில் போதுமான தகுதி. அதற்காக உங்களுக்கு நன்றி சொல்பவர்கள் ஊரில் நிறையப் பேர் உண்டு. நான் எழுத வந்த நன்றி வேறு. நீங்கள் எங்களிடம் கேட்கிறீர்களே, அதற்கு.

ரஸ்ஸல் மார்க்கெட்டில் காய் வாங்கும்போது முதன்முதலாக உங்களைக் கவனித்தேன். வெள்ளை உடுப்பில் இரண்டு பேர் பைகளோடு கடை கடையாக நின்று கேட்டுக்கொண்டிருந்தீர்கள். ரசீதுப் புத்தகத்தையோ படம் போட்ட துண்டறிக்கையையோ நீட்டவில்லை. “பெரியவங்களுக்குக் கொஞ்சம் காய் தருவீங்களா?” அவ்வளவுதான். கொடுத்தவர்களில் தொழுகைத் தொப்பி அணிந்தவரும் இருந்தார், நெற்றி நிறைய விபூதி பூசியவரும் இருந்தார். ஒருவர் கத்தரிக்காயை அள்ளிப் போட்டார். அடுத்தவர் கையை அசைத்து இல்லை என்றார். இல்லை என்றவருக்கும் அதே முகத்தோடு வணக்கம் சொல்லிவிட்டு நகர்ந்தீர்கள். கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்து, ஞாயிறு தவறாமல் பூசை கண்டு, மறைக்கல்வி வகுப்பில் பரிசெல்லாம் வாங்கியவள் நான். அன்று பார்த்ததை எனக்கு அதுவரை யாரும் சொல்லித்தந்ததில்லை.

பிறகுதான் உங்கள் நிறுவனர் புனித ழான் ஜுகானின் வாழ்க்கையைத் தேடிப் படித்தேன். 1792-இல் பிரான்சின் கான்கால் என்ற மீனவ ஊரில் பிறந்தவர். நாலு வயது நிறையும் முன்பே அப்பா கடலோடு போனார். வீட்டு வேலை செய்தார், மருத்துவமனையில் வேலை பார்த்தார். 1839 குளிர்காலத்தில், கண் தெரியாத, உடலின் ஒரு பக்கம் விழுந்துபோன ஒரு கைம்பெண்ணை வீட்டுக்குக் கொண்டுவந்து, தன் கட்டிலில் படுக்கவைத்துவிட்டுத் தான் மேலே பரண் அறைக்குப் போய்ப் படுத்துக்கொண்டார். அப்போது அவருக்கு வயது 47. கையில் சொத்து கிடையாது, பின்னால் நிற்க ஆள் கிடையாது. இருந்தது அந்த ஒரு கட்டில்தான்.

எல்லோரும் சொல்வது இந்தக் கட்டில் கதையை. எனக்கு அதற்கு அடுத்து நடந்ததுதான் பெரிதாகப் படுகிறது. வீட்டில் சேர்ந்த மூதாட்டிகளில் பலர் தெருவில் பிச்சை எடுத்துப் பிழைத்தவர்கள். இல்லத்தின் செலவுக்கு அவர்கள் மறுபடி தெருவுக்குப் போகவேண்டிய நிலை. ழான் என்ன செய்தார்? நீங்கள் வழக்கமாக எந்த வீட்டுக்குப் போவீர்கள், எந்தத் தெரு, யார் தருவார்கள் என்று அவர்களிடமே விசாரித்துக்கொண்டு, கூடையைத் தன் கையில் மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். அந்தக் கிழவிகள் நின்ற அதே வாசலில், அவர்களுக்குப் பதிலாக இவர் போய் நின்றார். ஒருமுறை ஒருவர் அவரை அறைந்துவிட்டாராம். “அது எனக்கு, இனி என் ஏழைகளுக்கு ஏதாவது கொடுங்கள்” என்ற பொருளில் ழான் பதில் சொன்னதாகச் சபை மரபில் சொல்கிறார்கள்.

கையில் உள்ளதை எடுத்துக் கொடுப்பவருக்கு மரியாதை குறைவதில்லை, கூடவும் செய்யும். இன்னொருவர் பட வேண்டிய அவமானத்தைத் தன் முகத்தில் வாங்கிக்கொள்வது அதைவிடக் கடினம். சிலுவையைப் பற்றி எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறேன். கூடையோடு வாசலில் நின்ற அந்த அம்மாவை அறிந்த பிறகே அது எனக்குக் கொஞ்சம் விளங்கியது.

இத்தனைக்கும் அவருடைய சபையே அவரை ஒதுக்கி வைத்தது. 1843-இல் சகோதரிகள் அவரையே மீண்டும் தலைவியாகத் தேர்ந்தெடுத்தும், பொறுப்பிலிருந்த குரு அதை மாற்றி வேறொருவரை அமர்த்தினார். 1852 முதல் 1879-இல் இறக்கும்வரை 27 ஆண்டுகள், தாய் இல்லத்தில் இளம் துறவிகளோடு ஒருவராக இருந்தார். அவர்களில் பலருக்கு அவர்தான் தொடங்கியவர் என்பதே தெரியாது. அவர் கண்மூடியபோது சபையில் ஏறக்குறைய 2,400 சகோதரிகள் இருந்தார்கள். 2009 அக்டோபர் 11 அன்று திருத்தந்தை 16-ஆம் பெனடிக்ட் அவரைப் புனிதர் என்று அறிவித்தார்.

அந்த 27 ஆண்டுகளில் நடந்த ஒன்றை இந்த ஊர்க்காரர்களுக்கு நான் சொல்லியே ஆகவேண்டும். 1865-இல் சபைக்கு நிலையான வருமானம் தரக்கூடிய ஒரு சொத்து வந்தது. வாங்கலாமா, வேண்டாமா என்று கேள்வி எழுந்தபோது ஒதுங்கியிருந்த ழானையும் அழைத்துக் கேட்டார்கள். வேண்டாம் என்றார். சபையும் அப்படியே முடிவு செய்தது. அன்றன்றைக்குக் கேட்டு, அன்றன்றைக்கு வாங்கி நடத்துவது என்று நீங்கள் இன்றும் இருப்பதற்கு அந்த முடிவுதான் அடித்தளம்.

பெங்களூரில் இருந்துகொண்டு இதைச் சொன்னால் யாருக்கும் நம்பிக்கை வராது. முப்பது வயதில் ஓய்வுக்கால முதலீட்டைப் பற்றிப் பேசும் ஊர் இது. அதில் தவறும் இல்லை. என் பிள்ளைகளுக்கும் சேமிக்கத்தான் சொல்கிறேன். ஆனால் வைப்புத்தொகை வட்டியில் நடக்கும் இல்லம் யாருடைய வாசலுக்கும் போகவேண்டியதில்லை. உங்களுக்கு எங்கள் வாசல் வேண்டியிருக்கிறது. அதனால்தான் அந்தக் கத்தரிக்காய்க் கடைக்காரர் உங்கள் இல்லத்துக்கு உறவாகிறார். தினமும் சாயங்காலம் மிஞ்சியதைக் கழித்துக்கட்டும் ஒருவருக்கு, தன் காய் எந்தத் தட்டில் விழும் என்று நினைக்க ஒரு காரணம் கிடைக்கிறது.

எங்கள் ஆலயங்களில் கொடுப்பவர்களுக்குக் குறைவில்லை. செப்டம்பர் 8 திருவிழாவுக்கு சிவாஜிநகர் மரியன்னை பேராலயத்தில் காவியுடை அணிந்து வரும் கூட்டத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். தாலி, தொட்டில், எண்ணெய், மெழுகுவர்த்தி என்று அம்மாவுக்குக் கொண்டுவந்து குவிப்பார்கள். பங்குக் கோயில்களில் விசிறியிலும் பெஞ்சிலும் உபயதாரர் பெயர் இருக்கும். அப்பா அம்மா நினைவாகப் பிள்ளைகள் செய்வது. அந்தப் பாசத்தை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் உங்கள் பைக்குள் விழுவதில் பெயர் எழுத இடமில்லை. மதியத்துக்குள் அது குழம்பாகிவிடுகிறது.

உங்களைப் பார்த்த பிறகு நற்செய்தியை எடுத்துப் படித்தால், இயேசு எத்தனை முறை கேட்டிருக்கிறார் என்பது கண்ணில் படுகிறது. கிணற்றடியில் சமாரியப் பெண்ணிடம் தண்ணீர் கேட்டார். சீமோனிடம் படகைக் கேட்டார். சக்கேயுவை மரத்திலிருந்து இறங்கச் சொல்லி, இன்று உன் வீட்டில் தங்கவேண்டும் என்றார். எருசலேமுக்குள் போகக் கழுதைக்குட்டி கேட்டார். பாஸ்கா உணவுக்கு ஒரு மாடி அறை கேட்டார். ஐயாயிரம் பேருக்கு உணவளித்ததுகூட, உங்களிடம் எத்தனை அப்பம் இருக்கிறது என்று கேட்டுத்தான். அந்தச் சமாரியப் பெண்ணிடம் அவர் முதலில் உபதேசம் செய்திருந்தால் குடத்தைத் தூக்கிக்கொண்டு அவள் போயிருப்பாள் என்றே நினைக்கிறேன். உன்னிடம் எனக்குத் தேவை இருக்கிறது என்று சொன்னதால் நின்றாள்.

இதை நான் வீட்டுக்குள் கொண்டுவந்த கதையையும் எழுதுகிறேன். லிங்கராஜபுரத்தில் எங்கள் வீடு. எழுபதைத் தாண்டிய அம்மா என்னோடு இருக்கிறார். யாரிடமும் எதையும் கேட்காமல் வாழ்ந்ததுதான் அவருடைய பெருமை. இரவில் எழுந்து தண்ணீர் வேண்டும் என்றாலும் சுவரைப் பிடித்துக்கொண்டு தானே போவார். கேட்டால், “உனக்கு எதுக்குச் சிரமம்?” என்பார். நம் பெற்றோரில் பாதிப் பேர் இப்படித்தான். பிள்ளைகளும் சளைத்தவர்கள் இல்லை. “நான் பார்த்துக்கிறேன், நீங்க சும்மா இருங்க” என்று சொல்லிச் சொல்லியே பெரியவர்களை ஒன்றுக்கும் வேண்டாதவர்களாக ஆக்கிவிடுகிறோம். பெற்றோரைப் பராமரிக்க 2007-இல் நாடாளுமன்றம் சட்டமே இயற்றியிருக்கிறது. தீர்ப்பாயம் மாதத் தொகைக்கு உத்தரவிடலாம்; ஆனால் ஒரு கிழவியிடம் போய், “அம்மா, இந்த மீன் குழம்புக்குப் புளி போதுமா, சொல்லுங்க” என்று கேட்க எந்தச் சட்டத்தாலும் ஆகாது.

நான் அம்மாவிடம் கேட்க ஆரம்பித்தேன். கீரை ஆயச் சொன்னேன். பேத்திக்கு மாலை ஜெபமாலை சொல்லித்தரச் சொன்னேன். தமிழ் படிக்கத் தெரியாத பிள்ளை, பாட்டி வாயைப் பார்த்தே மங்கள வார்த்தை ஜெபத்தைக் கற்றுக்கொண்டாள். அக்கம்பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்கள் கூடும் எங்கள் அன்பியக் கூட்டத்தில் வேண்டுதல் சொல்ல ஆள் வேண்டும் என்றேன். முதலில் முணுமுணுத்தார். சில மாதம் கழித்து, ஒரு நாள் இரவு என்னைக் கூப்பிட்டு, “கால் இழுக்குது, கொஞ்சம் தேய்ச்சு விடுறியா?” என்றார். அம்மா என்னிடம் கேட்ட முதல் உதவி அதுதான் என்று நினைக்கிறேன். நீங்கள் ஒவ்வொருவரும் ஏழ்மை, கற்பு, கீழ்ப்படிதல் என்ற மூன்றோடு விருந்தோம்பல் என்ற நான்காவது வார்த்தைப்பாட்டையும் கொடுக்கிறீர்கள் என்று அறிவேன். விருந்தோம்பல் என்றால் எங்கள் வள்ளுவர் ஓர் அதிகாரமே வைத்திருக்கிறார். வருபவரை முகம் பார்த்து வரவேற்பதுதான் எங்களுக்குத் தெரியும். வீட்டில் பல வருடம் கூடவே இருக்கும் ஒருவரையும் அப்படி வரவேற்கலாம் என்பதை உங்களிடம் கற்றேன்.

இன்னொன்று. சாகும் தறுவாயில் இருக்கும் ஒருவரை நீங்கள் தனியே விடுவதில்லை. இரவு பகலாக மாறி மாறி ஒருவர் பக்கத்தில் இருப்பது உங்கள் சபையின் வழக்கம். மருத்துவமனைகளின் தீவிர சிகிச்சைப் பிரிவில், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பெற்றவர்களை விட்டுவிட்டு வெளியே உட்கார்ந்திருந்த எங்களில் பலருக்கு அதன் அருமை தெரியும். வேலைக்குப் போகும் பிள்ளைகள், வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் எல்லோராலும் அப்படி இருக்க முடியாது. முடியாததை முடியாது என்று ஒப்புக்கொண்டு, அக்கம்பக்கத்தாரிடமும் அன்பியத்தாரிடமும் “வந்து கொஞ்ச நேரம் உட்காருங்களேன்” என்று கேட்கலாம். எங்கள் தெருவில் சில குடும்பங்கள் இப்போது அப்படிக் கேட்கின்றன. வருபவர்களும் வருகிறார்கள்; ஜெபம் சொல்லத் தெரியாத பக்கத்து வீட்டுக் கன்னட அம்மா வந்து கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

இல்லத்துக்கு ஏதாவது தேவை என்றால் அதைச் சூசையப்பர் சுரூபத்தின் முன் கொண்டுபோய் வைப்பது உங்கள் சபையின் பழைய வழக்கம் என்று படித்தேன். உருளைக்கிழங்கு தீர்ந்தால் ஓர் உருளைக்கிழங்கு, எண்ணெய் தீர்ந்தால் காலிப் பாட்டில். கூச்சமில்லாமல் நானும் ஒன்று கேட்கிறேன். என் தம்பிக்கும் எங்களுக்கும் வீட்டு விஷயத்தில் மனத்தாங்கல் வந்து, அவன் அம்மாவைப் பார்க்க வருவதை நிறுத்திவிட்டான். போன வாரம் நானே போன் போட்டு, “கிறிஸ்துமசுக்கு வாடா, அம்மாவுக்கு நீ வேணும்” என்றேன். பார்க்கிறேன் என்றான். இந்த மடலைப் படித்து முடித்ததும் மடித்து, உங்கள் சூசையப்பரின் காலடியில் வைத்துவிடுங்கள், சிஸ்டர். அடுத்த முறை மார்க்கெட்டில் பார்த்தால் எங்கள் வீட்டுப் பக்கமும் வாருங்கள். அரிசி எவ்வளவு வேண்டும் என்று கேளுங்கள்.

இப்படிக்கு,

லிங்கராஜபுரத்துப் பங்கு உறுப்பினர் ஒருத்தி