ஜூன் 5ல வேம்பு நடாதீங்க

நான் ஒன்பதாம் ஆண்டு படிக்கக்குள்ள எங்கட பள்ளிக்கூட மைதானத்தில இருபத்தைந்து வேப்பங்கன்று நட்டாங்க. நாள், ஜூன் 5. பெனர் கட்டி, வந்த பெரியாக்கள் ஒவ்வொருத்தரும் ஒரு கன்றைப் பிடிச்சபடி படம் எடுத்து, எங்களுக்கு பிஸ்கட் தந்து அலுவல் முடிஞ்சுது. ஆடி பிறக்கக்குள்ள மிஞ்சினது மூண்டு. ஓகஸ்ட் லீவில அந்த மூண்டையும் ஆடு முடிச்சிட்டு. "வேம்புதானே, அது தன்ட பாட்டில வளரும்" எண்டு நட்டவங்க சொல்லிட்டுப் போனவங்க.

வளர்ந்த வேம்புக்கு அந்தக் கதை சரி. நாலு மாசம் மழை இல்லாட்டியும் பச்சையா நிற்கும். ஆனால் அந்தத் தைரியமெல்லாம் அதன் வேரில் இருக்கிறது. வேர் ஈரம் கிடக்கிற ஆழத்துக்குப் போய்ச் சேருமட்டும் அதுவும் ஒரு கைக்குழந்தைதான். ஒரு பொலித்தீன் பை மண்ணில நிண்ட கன்றைத் தூக்கிக் கொதிக்கிற மணலில வைச்சுப்போட்டு, வறட்சியைத் தாங்கு எண்டு சொன்னா எப்பிடி?

உலக சுற்றாடல் தினம் 1972இல் ஸ்ரொக்ஹோமில் கூடிய மாநாட்டின் நினைவாக வந்த திகதி. கொழும்பு, காலிப் பக்கம் அப்ப தென்மேற்குப் பருவமழை. அங்க நட்டா கன்று பிடிக்கும். அதே காற்று மலையின் அந்தப் பக்கம் மழையைக் கொட்டிவிட்டு, காய்ந்த வெக்கையாக எங்கட பக்கம் இறங்கும். அதுதான் கச்சான். கெம்பஸில் புவியியல் படிக்கத் தொடங்கின பிறகுதான் இதன் படம் கீறிப் பார்த்தேன். ஆனால் ஊருக்கு இது படம் கீறாமலே தெரியும். வைகாசியில கண்ணகி அம்மன் கோயில்களில் குளுத்தி வைக்கிறோம். வெக்கை உச்சத்தில நிக்கிற நேரத்தில அம்மனையே வேப்பிலையோட குளிரப் பண்ணுற ஊரில, அதே கிழமைகளில வேப்பங்கன்றை வெயிலில விட்டுப்போட்டுப் போறது எனக்கு வடிவாப் படேல்ல.

அம்மம்மாவின் வளவில நிற்கிற வேம்பு 78 சூறாவளிக்குப் பிறகு வைச்சது. அந்த நவம்பர் 23ல தென்னையெல்லாம் முறிஞ்சு, வளவு வெறும் வெயிலாக் கிடந்ததாம். எப்ப நட்டீங்க எண்டு கேட்டேன். "நான் எங்க புள்ள நட்டன்? ஆடியில பழம் விழும். கார்த்திகையில மழை வரும். இடையில நாம சாகாமப் பார்த்தாச் சரி" எண்டா.

இதுக்குள்ள எல்லாமே இருக்கு. வேப்பங்கொட்டை நெல் மாதிரி மூட்டை கட்டி வைக்கிற விதை இல்ல. சில கிழமையிலேயே முளைக்கிற சக்தி குறைஞ்சிரும். அதனால பழுத்து விழுந்த உடன பொறுக்கி, சதையைக் கழுவி, நிழலில ரெண்டு நாள் உலர்த்தி, பையில போடவேணும். புரட்டாசி, ஐப்பசி வரைக்கும் அரை நிழலில வைச்சுத் தண்ணி ஊத்தி, முதல் நல்ல மழையோட நிலத்தில இறக்கினா, மாரி முழுக்க வேர் கீழ போகும். அடுத்த கச்சானுக்கு அது ஓரளவுக்குத் தயார். அந்த முதல் கோடையில மட்டும் தண்ணி வேணும். ஒவ்வொரு நாளும் மேலால தெளிக்கிறதை விட, நாலு நாளைக்கு ஒருக்கா அடி நனைய மெதுவா ஊத்துறது நல்லம். மேல் ஈரத்துக்குப் பழகின வேர் கீழ போகாது. அடியைச் சுத்திச் சருகு. ஆட்டுக்குப் பனைமட்டை வேலி. கசப்பு எண்டு ஆடு விட்டுவைக்கும் எண்டு நினைக்காதீங்க.

இடமும் பார்க்கவேணும். வேம்பு தண்ணி தேங்கிற இடத்தில நிற்காது. 2011 ஜனவரி வெள்ளம் மாதிரி ஒண்டு வந்தா படுவான்கரையில பள்ளக் காணியெல்லாம் நாள்கணக்கில தண்ணிக்குள்ள கிடக்கும். வாவி ஓரத்துக்குப் பூவரசு. மேட்டு மணலுக்கு வேம்பு. (எங்கட ஊர்ப் பெயர்களைப் பாருங்க: புளியந்தீவு, கொக்கட்டிச்சோலை, வேப்பவெட்டுவான். ஒரு காலத்தில மரத்தைச் சொல்லித்தான் வழி சொல்லியிருக்கிறாங்க. இப்ப ரவரைச் சொல்லுறம்.)

ஏறாவூர்ச் சிநேகிதி ஒருத்தியின் வாப்பா ஹஜ்ஜுக்குப் போய் வந்து முதல் சொன்ன புதினம், அறபாத் மைதானத்தில வேப்பமரம் நிற்குது எண்டதுதானாம். ஹாஜிமாருக்கு நிழலுக்காக அங்க ஆயிரக்கணக்கில வைச்சு வளர்த்திருக்கிறாங்க. பாலைவனத்தில எப்பிடி? குழாய் போட்டு, தண்ணி விட்டு, ஆள் வைச்சுப் பார்த்துத்தான். தன்ட பாட்டில இல்ல.

இவ்வளவும் எழுதுறதுக்குக் காரணம், போன மாசக் கூட்டத்தில எங்கட குழுவும் ஜூன் 5க்கு நூறு கன்று எண்டு பேசத் தொடங்கினதுதான். கன்று செத்தாக் காசு மட்டும் போகாது. அண்டைக்கு எங்களோட கன்று பிடிச்ச தம்பி ஒருத்தன் இப்ப "மரம் நடுறது படத்துக்கு" எண்டு சிரிக்கிறான். அவனுக்குப் பதில் சொல்ல என்னட்ட ஒரு உயிருள்ள மரம் இல்ல.

ஜூன் 5ல கட்டாயம் ஏதாவது செய்யவேணும் எண்டா, ஏற்கெனவே வைச்ச கன்றுகளுக்குப் போய்த் தண்ணி ஊத்துவம், வேலி கட்டுவம். ஆடியில அம்மம்மாட வளவுக்கு வாங்க, கொட்டை பொறுக்க. பை நான் சேர்த்து வைக்கிறன். பால்மாப் பைகள் இருந்தா எறியாதீங்க, கீழே நாலு ஓட்டை போட்டாக் காணும்.