குதிரைவண்டித் தீவு



மிச்சிகனில் மகள் வீட்டுக்கு வந்திருக்கிறோம். நேற்று ஹூரான் ஏரியில் உள்ள மெக்கினா தீவுக்குப் போய்வந்தோம். ஃபெரியில் சுமார் 20 நிமிடம்.

குதிரைகள் மிரள்கின்றன என்று 1898-லேயே அங்கே மோட்டார் வண்டிக்குத் தடை போட்டுவிட்டார்கள். இன்றும் ஆம்புலன்ஸ், தீயணைப்பு வண்டி போன்றவை தவிர காரே கிடையாது. நடை, சைக்கிள், குதிரைவண்டிதான். சரக்கு ஏற்றுவதும் குப்பை அள்ளுவதும்கூடக் குதிரைவண்டியில்தான். தீவைச் சுற்றி 13 கிலோமீட்டர் சாலை. ஹார்ன் சத்தமே இல்லை. குளம்படிச் சத்தமும் சாணி வாடையும்தான்.

எங்கள் வண்டிக்காரர் தன் குதிரைகளைப் பெயர் சொல்லிப் பெருமையாக அறிமுகப்படுத்தினார். எல்லோரும் கைதட்டினார்கள். எனக்குக் கை எழவில்லை.

எட்டாம் வகுப்பில் ஜட்கா ஓட்டுபவர் மகன் ஒருவன் படித்தான். "குதிரைவண்டி" என்று வகுப்பே கேலி செய்தபோது, அதட்ட வேண்டிய நானும் சிரித்துவிட்டேன். அவன் தலையைக் குனிந்துகொண்டான். அவன் அப்பா வண்டியில்தான் நான் ஸ்டேஷனுக்குப் போவேன், கூலிக்குப் பேரம் பேசி.

பெயர் சொல்லமாட்டேன். தம்பி, படித்தால் உனக்கே தெரியும். இந்த வாத்தியாரை மன்னித்துவிடு. ஊர் திரும்பியதும் வீட்டுக்கு வருகிறேன். அப்பாவையும் பார்க்க வேண்டும்.